சோனிக்கின் வேகம் மணிக்கு 33 கிலோமீட்டர்: வேக விவாத நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர்களுக்கும், கேம் பாத்திரங்களின் வேகத்தைக் கணக்குப் போட்டு வாதாடும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

கல்லூரி விழாக்களில் "கேம் உலகில் யார் அதிவேகம்?" என்று விவாத மேடை போடுகிறீர்கள். போன ஆண்டு அப்படியொரு மேடைக்கு முன்னால் நடுவர் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துபவன். என்னிடம் படித்த பையன் ஒருவன் அந்தக் கல்லூரியின் விழாக் குழுவில் இருந்தான். "சார், நீங்களும் கேம் ஆடுவீங்களே, நடுவரா வாங்க சார்" என்று கூப்பிட்டான், போனேன். அன்று நடந்தது மனசை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் மேடையேறினார். கையில் ஒரு லாங் சைஸ் நோட்டு. "1991-ல் வந்த முதல் சோனிக் கேமில், சமதரையில் சோனிக்கின் உச்ச வேகம் மணிக்கு 33 கிலோமீட்டர்" என்று ஆரம்பித்தார். சோனிக் என்பது சேகா நிறுவனத்தின் கேமில் வேகத்துக்கே பேர் போன நீல முள்ளெலி. அரங்கமே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்கப்பா ஸ்கூட்டரே அதைவிட வேகமாப் போகும்!" அதற்கப்புறம் அவர் பேசியது யார் காதிலும் விழவில்லை. அடுத்து வந்த தம்பி, "சோனிக் லேசர்கிட்ட இருந்து தப்பிக்கிறான். லேசர்னா ஒளி. அப்போ சோனிக் ஒளியைவிட வேகம்" என்றார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. மூன்று நடுவர்களில் இருவர் அவர் பக்கம். நான் அந்த மாணவிக்குத்தான் மதிப்பெண் போட்டேன். ஆனால் முடிவை அறிவிக்கும் முன் நாங்கள் கூடிப் பேசியபோது, அவர் செய்திருந்தது எப்பேர்ப்பட்ட வேலை என்று எடுத்துச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்கு எழுதுகிறேன்.

அந்த 33 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

கேமுக்குள் மீட்டரும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை. இருப்பது பிக்சல் என்கிற திரைப் புள்ளியும், ஃபிரேம் என்கிற ஒரு தடவை மாறும் படமும்தான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் படம் வினாடிக்கு 60 முறை மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோனிக்கை எத்தனை பிக்சல் தள்ளி வரைகிறார்கள் என்பதுதான் அவன் வேகம். கேமின் நிரலைப் பிரித்துப் படித்த ரசிகர்கள் இந்த எண்களை எப்போதோ வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். சமதரையில் தன் காலால் ஓடும்போது உச்சம் ஒரு ஃபிரேமுக்கு 6 பிக்சல், அதாவது வினாடிக்கு 360 பிக்சல். நிற்கிற சோனிக்கின் உயரம் ஏறத்தாழ 39 பிக்சல். சேகா நிறுவனம் சொல்லும் உயரம் 100 சென்டிமீட்டர். ஆக 39 பிக்சல் ஒரு மீட்டர். 360-ஐ 39-ஆல் வகுத்தால் வினாடிக்கு 9.2 மீட்டர், மணிக்கு 33 கிலோமீட்டர். 2009-ல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினாரே, அந்த ஓட்டத்தின் சராசரியே மணிக்கு 37.6 கிலோமீட்டர்.

சிரிக்கிற விஷயமா இது? அந்த மாணவி மற்றவர்கள் சொன்னதை நம்பி மட்டும் இந்த எண்ணைச் சொல்லவில்லை. கேமை ஆடிப் பதிவு செய்து, அந்தப் பதிவைக் கைப்பேசியில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, தரையில் இருக்கும் கட்டங்களை எண்ணிச் சரிபார்த்திருந்தார். நோட்டில் பென்சிலால் போட்ட அட்டவணை, அடித்துத் திருத்திய எண்கள், ஓரத்தில் "மறுபடி எண்ணு" என்று தனக்குத் தானே எழுதிக்கொண்ட குறிப்பு எல்லாம் இருந்தன. என் செய்முறை வகுப்பில் ஒரு மாணவர் இப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறை முழுக்கக் காட்டியிருப்பேன்.

அவர் நோட்டில் இன்னொரு எண்ணும் இருந்தது: 0.046875. நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்கும் சோனிக்கின் வேகம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இத்தனை பிக்சல் கூடுகிறது. ஒரு பிக்சலை 256 கூறாக்கி அதில் 12 கூறு. சுருக்கினால் அறுபத்து நான்கில் மூன்று. என் தாத்தா வாய்ப்பாட்டில் பதினாறில் ஒன்று வீசம், ஆக இதற்கு முக்கால் வீசம் என்று பெயர். கேமில் சோனிக்கைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பு ஒரு ஃபிரேமுக்கு 0.21875 பிக்சல். அது சரியாக மூன்றரை வீசம். பாதி, பாதியில் பாதி என்று பிரித்துக்கொண்டே போகிற கணக்குதான் கணினிக்கும் வசதி, நம் பழைய வாய்ப்பாட்டுக்கும் வசதி. முக்கால் வீசம் முக்கால் வீசமாகச் சேர்ந்து 6 பிக்சல் ஆக 128 ஃபிரேம், இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் மேல். அந்த இரண்டு வினாடியில் சோனிக்கின் கால்கள் நடையிலிருந்து மாறிச் சிவப்பு வட்டமாகச் சுழல ஆரம்பிக்கும். படம் மாறும் அந்த இடமும் சரியாக 6 பிக்சல்தான். அதைத் தொட்ட கணத்தில் நமக்குள் ஏற்படும் அந்தக் குதூகலத்தை யாரோ உட்கார்ந்து எண்ணி எண்ணி வைத்திருக்கிறார்கள்.

33 மட்டும்தான் ஒரே விடை என்று நான் சாதிக்கவில்லை. வேக விவாதத்தின் உண்மையான சுவையே இங்குதான் இருக்கிறது. அளவுகோலை மாற்றிப் பாருங்கள். உயரத்தை விட்டுவிட்டு புவியீர்ப்பை எடுத்துக்கொள்வோம். சோனிக் குதித்து விழும்போது வேகம் கூடும் அளவைக் கணக்கிட்டால் வினாடி வர்க்கத்துக்கு 787.5 பிக்சல். 39 பிக்சல் ஒரு மீட்டர் என்றால் அந்த உலகத்தின் ஈர்ப்பு நம் பூமியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. இல்லை, அங்கேயும் பூமியின் ஈர்ப்புதான் என்று சொன்னால், ஒரு மீட்டருக்கு 80 பிக்சல் என்றாகிவிடும். அப்போது சோனிக்கின் உயரம் அரை மீட்டருக்கும் குறைவு, வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்! கேமும் அதே, பொத்தானும் அதே, விடை மட்டும் பாதி. இரண்டில் எது சரி? அளவுகோல் எது என்று முதலிலேயே சொன்னவர் கணக்கு சரி. சொல்லாமல் எண்ணை மட்டும் வீசியவர் கணக்கு, அது 16 ஆனாலும் 16 கோடி ஆனாலும், கணக்கே இல்லை.

ஐரோப்பாவில் கதையே வேறு. அங்கே தொலைக்காட்சி வினாடிக்கு 50 முறைதான் மாறும். முதல் சோனிக்கை அதற்கேற்ப மாற்றியமைக்காமலே விற்றார்கள். அதனால் அதே 6 பிக்சல் அங்கே வினாடிக்கு 300 பிக்சல் ஆகி, மணிக்கு 27.7 கிலோமீட்டராக இறங்கிவிட்டது. பாட்டுகூட இழுத்துக்கொண்டுதான் ஓடியது. "சோனிக்கின் உண்மையான வேகம்" என்று பேசும்போது, எந்த ஊர் சோனிக் என்றுகூடக் கேட்க வேண்டியிருக்கிறது.

"சார், பேரே சோனிக். ஒலியின் வேகம்னு அர்த்தம். 33 எப்படி சார்?" என்று அன்றைக்கே ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. 20 டிகிரி வெப்பநிலையில் காற்றில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகும். நம் 39 பிக்சல் அளவுகோலில் அது ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 223 பிக்சல். கேமின் திரை அகலம் 320 பிக்சல். உண்மையிலேயே ஒலி வேகத்தில் விட்டால் இரண்டு ஃபிரேம் முடிவதற்குள் சோனிக் திரையைத் தாண்டிப் போய்விடுவான். கண்ணால் ஒன்றைப் பார்த்து விரலால் பொத்தானை அழுத்த நமக்குக் கால் வினாடி ஆகிறது. அந்தக் கால் வினாடியில் பத்துத் திரை தூரம் கடந்திருப்பான். ஆடவே முடியாது.

செய்தவர்களுக்கு இது தெரியும். சோனிக் திரையின் நடுவில் ஓடுகிறான், அவனுக்கு முன்னால் நமக்குத் தெரிவது 160 பிக்சல். 6 பிக்சல் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 27 ஃபிரேம், அரை வினாடிக்குச் சற்றுக் குறைவு. முள் தெரிந்தால் குதிக்க நேரம் இருக்கிறது. சரிவில் பந்தாக உருண்டால் வேகம் 16 பிக்சல் வரை ஏறும், மணிக்கு ஏறத்தாழ 89 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 160 பிக்சல் என்பது 10 ஃபிரேம்தான், நம் கால் வினாடிக்கும் குறைவு. எதிரில் வருவதைப் பார்த்துத் தப்பிக்க மனிதரால் முடியாது. அதனால்தான் அவ்வளவு வேகம் வருகிற இடங்களில் நம் கைக்கு வேலை அதிகம் கொடுப்பதில்லை. வளையம், சரிவு, குழாய் என்று பாதையே நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். கேமின் நிரலை எழுதிய யுஜி நாகா முதலில் செய்து பார்த்த முன்மாதிரியே ஒரு பாத்திரம் பந்தாகச் சுருண்டு நீண்ட வளைகுழாய்க்குள் ஓடுவதுதான். அதற்கு உருவம் கொடுத்தவர் நவோட்டோ ஓஷிமா, ஓடுவதற்குப் பாதை போட்டவர் ஹிரோகாஸு யசுஹாரா. கேமரா ஒரு ஃபிரேமுக்கு 16 பிக்சலுக்கு மேல் நகராது. 1992-ல் வந்த இரண்டாம் கேமில் கெமிக்கல் பிளான்ட் பகுதியில் சோனிக் அந்தக் கேமராவையே முந்திக்கொண்டு திரைக்கு வெளியே ஓடிவிடுவான். பார்த்திருப்பீர்கள். சோனிக்கின் வேகத்துக்குச் சாட்சியாக எனக்கு லேசர் வேண்டாம், அந்த ஒரு கணம் போதும்.

இனி லேசர் வாதத்துக்கு வருகிறேன். பேசிய தம்பியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், அவரும் பேசினார். ஒளி வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் போகிறது. ஒரே ஃபிரேமில், வினாடியில் அறுபதில் ஒரு பங்கில், ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். இந்தியாவின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை 3,214 கிலோமீட்டர்தான். திரையில் ஒரு கதிர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக 20 ஃபிரேம் ஆகிறது, நம் கண்ணுக்கே அது நகர்வது தெரிகிறது என்றால், அதற்கு லேசர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பெயரை வைத்து வேகம் சொல்வதென்றால் 1991-ன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சண்டை கேமில் கைல் என்ற வீரர் வீசும் சோனிக் பூமைப் பாருங்கள். ஒலித்தடையை உடைக்கும் வெடிச்சத்தத்தின் பெயர் அதற்கு. மெல்லிய குத்துப் பொத்தானில் வீசினால் அது அவ்வளவு நிதானமாகப் போகும், கைல் அதன் பின்னாலேயே நடந்துபோய் எதிராளியை அடிப்பார். அந்த ஆட்டத்தில் தேர்ந்தவர்களுக்கு அது அன்றாட உத்தி.

மின்னலைத் தப்பினார், அதனால் மின்னல் வேகம் என்று சொல்பவர்களுக்கு என் கட்டைவிரலின் கதையைச் சொல்ல வேண்டும். ஃபைனல் ஃபேன்டஸி 10-ல் தண்டர் பிளெயின்ஸ் என்றொரு சமவெளி வரும். ஒரு அடிகூட வாங்காமல் தொடர்ச்சியாக 200 மின்னலைத் தப்பினால் லூலு என்ற பாத்திரத்தின் ஆயுதத்துக்குத் தேவையான ஒரு பொருள் கிடைக்கும். ஒரு கோடை விடுமுறையில் நான் அதைச் செய்து முடித்தேன். 140-ல் ஒரு தடவை, 183-ல் ஒரு தடவை அடி வாங்கி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். பக்கத்தில் என் மகள் தாளில் கோடு போட்டு எண்ணிக்கை வைத்துக்கொண்டாள். திரை வெள்ளையாகப் பளிச்சிடும், உடனே பொத்தானை அழுத்த வேண்டும், கேமின் நாயகன் டீடஸ் தாவித் தப்பிப்பான். தாவியது அவன் என்றாலும் பார்த்து அழுத்தியது நான். அவனுக்கு மின்னல் வேகம் என்றால் என் கட்டைவிரலுக்கும் மின்னல் வேகம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். உண்மை மின்னலில் மேகத்திலிருந்து கீழே இறங்கி வரும் முதல் கீற்றே வினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். நாம் காணும் அந்தப் பெரிய வெளிச்சம் ஒளியின் வேகத்தில் மூன்றிலொரு பங்கு அளவில் பாயும். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டபோது எல்லாம் முடிந்திருக்கும். கேமில் வெளிச்சம் முதலில் வந்து, அடி பிறகு வருகிறது. ஆடுபவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதற்காகவே அந்த இடைவெளியை வைத்திருக்கிறார்கள். அந்த அன்பை எடுத்துக்கொண்டுபோய் இயற்பியல் ஆதாரமாக்கினால் கேமுக்கும் நியாயம் இல்லை, இயற்பியலுக்கும் நியாயம் இல்லை.

"இவர் அவரைத் தோற்கடித்தார், அவர் ஒளியைத் தப்பினார், ஆகவே இவர் ஒளியைவிட வேகம்" என்கிற சங்கிலி வாதத்தை நான் நீட்டி மறுக்கப் போவதில்லை. தெருக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கே தெரியும், மேலத்தெருவைக் கீழத்தெரு ஜெயித்தது, கீழத்தெருவை நாங்கள் ஜெயித்தோம், அடுத்த வாரம் மேலத்தெருவிடம் நாங்கள் தோற்றோம்.

கடிகாரம் இன்னொரு சிக்கல். வைஸ் சிட்டி ஆடாதவர் நம்மில் குறைவு. நம் ஒரு வினாடி அங்கே ஒரு நிமிடம். மைன்கிராஃப்டில் ஒரு முழு நாள் நம் 20 நிமிடத்தில் முடிந்துவிடும், அதாவது அங்கே காலம் 72 மடங்கு விரைவு. அங்கே ஒரு கட்டை ஒரு மீட்டர் என்பது தெளிவு. பாத்திரம் வேகமாக ஓடினால் வினாடிக்கு 5.6 மீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டர். நம் கடிகாரத்தை விட்டு அந்த உலகத்துச் சூரியனையே கடிகாரமாக வைத்துக்கொண்டால் அதே ஓட்டம் நிமிடத்துக்கு ஐந்து மீட்டர்கூட வராது. நம் இலக்கணத்தில் மாத்திரைக்கு அளவு கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தான். யாருடைய கண், யாருடைய கை என்று கேட்டுக்கொள்ளத் தேவையில்லாதபடி அதை மனிதர் உடம்பிலேயே வைத்தார்கள். கேமில் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு பக்கத்திலிருந்து ஒன்று. 1993-ன் டூம் கேமில் வரும் படைவீரருக்குப் பெயர்கூட இல்லை. வேகத்துக்காக அவரைப் புகழ்ந்து யாரும் மேடையேறியதில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் அவர் உயரம் 56 அலகு, கேம் வினாடிக்கு 35 முறை கணக்கிடுகிறது, நேராக ஓடும்போது ஒவ்வொரு முறையும் 16.67 அலகு முன்னேறுகிறார். ஆள் உயரம் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 67.5 கிலோமீட்டர். சாய்வாக ஓடினால் இன்னும் வேகம். அத்தனை துப்பாக்கியையும் சுமந்துகொண்டு, சமதரையில் ஓடும் சோனிக்கைப் போல இரண்டு மடங்கு! எண்ணாமல் இருந்திருந்தால் இது நமக்குத் தெரியவே தெரியாது.

கதையில் சொல்லும் வேகத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. "வாயுவேகம் மனோவேகமாகப் பறந்தான்" என்று பாட்டி சொன்னபோது நாம் ஸ்டாப்வாட்ச் எடுத்து நிற்கவில்லை. சோனிக்கின் நண்பன் டெய்ல்ஸுக்கு மைல்ஸ் ப்ரௌவர் என்று பெயர் வைத்ததும், மணிக்கு இத்தனை மைல் என்ற சொல் அதில் ஒலிக்கிறபடி வைத்ததும் அதே மகிழ்ச்சிதான். கதை சொல்பவர் "ஒலியைவிட வேகம்" என்றால் அதை அப்படியே அனுபவிக்கலாம். அதன்மேல் பெருக்கல் போட்டு, வகுத்து, இரண்டு தசமத்துக்கு விடை எழுதி, எண்ணிப் பார்த்த ஒருவரின் வாயை அடைப்பதற்குத்தான் அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஆகவே நடுவர்களே, உங்களிடம் என் வேண்டுகோள். மேடையில் வேகம் சொல்பவர் எவரானாலும், எண்ணைச் சொல்லும் முன் எந்தக் கேம், எந்தப் பதிப்பு, எதை ஒரு மீட்டராக எடுத்துக்கொண்டேன், யாருடைய கடிகாரம் என்று சொல்லட்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஆட்டத்தில் அளந்த வேகத்தையும் கதையில் கேட்ட வேகத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இரண்டு போட்டியாக வேண்டுமானாலும் நடத்துங்கள், இரண்டுமே சுவைதான். பெரிய எண்ணுக்குப் பெரிய மதிப்பெண் என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அரங்கம் சிரித்தால் மைக்கை வாங்கி, "அவர் முடிக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் அன்றைக்குச் சொல்லாத வார்த்தை அது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். பப்ஜியில் இருந்தே தொடங்கலாம். வரைபடத்தில் 100 மீட்டர் கட்டம் போட்டே கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கியைக் கையில் பிடிக்காமல் முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு கட்டத்தை நேராக ஓடிக் கடங்கள், இன்னொருவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும். சுமார் 16 வினாடி வரும். மூன்று தடவை ஓடிச் சராசரி எடுங்கள்.

விழா முடிந்தபின் அந்த மாணவியை கேன்டீனில் பார்த்தேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "கடைசிப் பக்கத்தை யாரும் கேக்கவே இல்ல சார்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். சிரிப்புச் சத்தத்தில் அவர் அந்தப் பக்கத்துக்கு வரவே இல்லை.

அதில் சோனிக் ஓடுவதைப் பற்றி ஒன்றும் இல்லை, நிற்பதைப் பற்றி இருந்தது. முழு வேகத்தில் ஓடும்போது எதிர்த்திசைப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அரை பிக்சல் வேகம் குறைகிறது. 6 பிக்சலும் கரைய 12 ஃபிரேம், வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் அவன் சறுக்கும் தூரம் கிட்டத்தட்ட அவன் உயரம்தான், ஒரு மீட்டர். நல்ல ரோட்டில் நல்ல பிரேக் உள்ள கார் அதே 33 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ ஐந்து மீட்டர் எடுக்கும். பூமியின் ஈர்ப்பைப் போல நாலரை மடங்குக்கு மேல் ஒரு விசையைத் தாங்கிக்கொண்டு, காலை ஊன்றி, ஒரு மீட்டருக்குள் நிற்கிறான் அந்த நீல முள்ளெலி. வேகம் பிடிக்க 128 ஃபிரேம், விட 12 ஃபிரேம். போல்ட்டால் ஆகாத காரியம் இது. "அவன் ஓடுறதைவிட நிக்கிறதுதான் சார் அதிசயம்" என்றார்.

இந்த ஆண்டும் அவர் பெயர் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதே நோட்டோடுதான் வருவார். ஐந்து நிமிடத்தையும் முழுசாகக் கொடுங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்